சராசரியிலிருந்து எவ்வளவு தொலைவு? - திட்ட மதிப்பின் பொருளும் பயனும்

அங்கன்வாடி மையம் ஒன்றில் இரண்டு ஆண் குழந்தைகளை அளந்து பார்ப்பதாகக் கொள்வோம். ஒருவனுக்கு வயது சரியாக ஓராண்டு; அவனது நீளம் 71.0 சென்டிமீட்டர். மற்றவனுக்கு வயது ஐந்து. அவனது உயரம் 105.3 சென்டிமீட்டர். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தர அளவுகளின்படி, ஓராண்டு நிரம்பிய ஆண் குழந்தையின் இடைநிலை நீளம் 75.7 சென்டிமீட்டர். ஐந்து வயதுச் சிறுவனின் இடைநிலை உயரம் 110.0 சென்டிமீட்டர். ஆக, இருவருமே தத்தம் வயதுக்குரிய அளவிலிருந்து 4.7 சென்டிமீட்டர் குறைந்தவர்கள். குறைவு ஒன்றே என்பதால் இருவர் நிலையும் ஒன்றுதானா? அன்று. முதற் குழந்தை வளர்ச்சி குன்றியவன் என வகைப்படுத்தப்படும் எல்லைக் கோட்டிலேயே நிற்கிறான். இரண்டாமவனோ நன்கு வளரும் குழந்தைகளிடையேயும் ஆறில் ஒருவரிடம் காணப்படும் அளவுக்கே குட்டையாக இருக்கிறான். சென்டிமீட்டர்க் கணக்கு மறைத்துவிடும் இந்த வேறுபாட்டை வெளிக்கொணர்வதே புள்ளியியலில் திட்ட மதிப்பு எனப்படுவது. ஆங்கில எழுத்தின் பெயரால் இதனை இசட் மதிப்பு என்றும் வழங்குவர்.

இதனைக் கணக்கிடும் முறை எளியது. ஓர் அளவிலிருந்து அதற்குரிய சராசரியைக் கழித்து, வரும் எண்ணைத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். திட்ட விலக்கம் என்பது ஒரு குழுவின் உறுப்பினர் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவி நிற்கின்றனர் என்பதன் அளவு. ஆங்கிலேயப் புள்ளியியலார் கார்ல் பியர்சன் 1893-இல் இச்சொல்லை முதன்முதலாக வழங்கினார். தமிழில் இங்கு 'திட்டம்' என்பதற்கு ஐந்தாண்டுத் திட்டம் என்பதில் உள்ள பொருள் இல்லை. 'அளவு திட்டமாக இருக்கிறது' என்று பேச்சு வழக்கில் கூறுகிறோமே, அந்தப் பழம் பொருளே இங்குப் பொருந்துவது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஓராண்டுக் குழந்தைகளின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 2.4 சென்டிமீட்டர். ஐந்து வயதினரின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 4.7 சென்டிமீட்டர். எனவே முதற் குழந்தையின் திட்ட மதிப்பு −2, இரண்டாமவனுடையது −1.

வகுத்தலின்போது அலகு மறைந்துவிடுவது கவனிக்கத்தக்கது. சென்டிமீட்டரைச் சென்டிமீட்டராலும், கிலோகிராமைக் கிலோகிராமாலும் வகுத்தபின் எஞ்சுவது வெறும் எண்ணே. ஆகவேதான் உயரத்தையும் எடையையும், ஒரு தேர்வின் மதிப்பெண்ணையும் வேறொரு தேர்வின் மதிப்பெண்ணையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க இயலுகிறது. ஒரு தாளில் சராசரி 62, திட்ட விலக்கம் 6 என்றால், அதில் 74 பெற்றவரின் திட்ட மதிப்பு +2. வேறொரு தாளில் சராசரி 48, திட்ட விலக்கம் 16 என்றால், அதில் 72 பெற்றவரின் திட்ட மதிப்பு +1.5 மட்டுமே. பின்னவர் சராசரியை 24 மதிப்பெண்ணால் கடந்தவர். முன்னவர் கடந்தது 12 மதிப்பெண்தான். ஆயினும் தம் குழுவினுள் உயர்ந்து நிற்பவர் முன்னவரே. பரவல் மிகுந்த தாளில் 24 மதிப்பெண் முந்துவது அத்துணை அரிதன்று.

அளவுகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுமாயின் இன்னொரு வசதியும் உண்டு. திட்ட மதிப்பைக் கொண்டே ஒருவர் குழுவில் எத்தனை விழுக்காட்டினருக்குக் கீழே அல்லது மேலே நிற்கிறார் என்று கூறிவிடலாம். −1-க்குக் கீழே ஏறத்தாழ 16 விழுக்காட்டினரும், −2-க்குக் கீழே 2.3 விழுக்காட்டினரும், −3-க்குக் கீழே ஆயிரத்தில் ஓரிருவரும் இருப்பர். பரவல் ஒருபுறம் சாய்ந்திருந்தால் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. குழந்தைகளின் எடை அத்தகையது. ஓராண்டு ஆண் குழந்தையின் இடைநிலை எடை 9.6 கிலோ, −2 என்பது 7.7 கிலோ, +2 என்பது 12.0 கிலோ. கீழ்நோக்கிய தொலைவு 1.9 கிலோ, மேல்நோக்கியது 2.4 கிலோ. இத்தகைய சாய்வை உரிய உருமாற்றத்தால் நேராக்கிய பின்னரே உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைகள் ஆக்கப்பட்டுள்ளன. எனவே களப்பணியாளர் தாமே கழித்து வகுக்க வேண்டியதில்லை. அட்டவணையையோ வண்ணமிட்ட வளர்ச்சி அட்டையையோ பார்த்தால் போதும்.

விழுக்காட்டிலிருந்து திட்ட மதிப்புக்கு

நம் நாட்டில் ஊட்டச்சத்துக் குறைவை அளக்கும் முறை ஒரு காலத்தில் வேறாக இருந்தது. மெக்சிகோ நாட்டுக் குழந்தை மருத்துவர் ஃபெடரிகோ கோமஸின் பெயரால் வழங்கும் பாகுபாடு, குழந்தையின் எடை அந்த வயதுக்குரிய எடையில் எத்தனை விழுக்காடு என்று பார்த்தது. 75 முதல் 90 வரை முதல் நிலை, 60 முதல் 75 வரை இரண்டாம் நிலை, அதற்குக் கீழே மூன்றாம் நிலை. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 1972-இல் வகுத்த பாகுபாடும் விழுக்காட்டையே அடிப்படையாகக் கொண்டது. 80 விழுக்காட்டுக்கு மேல் இயல்பு என்றும், அதன் கீழே பத்துப் பத்தாக நான்கு நிலைகள் என்றும் அது பிரித்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் நெடுங்காலம் இம்முறையைப் பின்பற்றியது.

விழுக்காடு யாவருக்கும் விளங்கும். அங்கன்வாடிப் பணியாளருக்கு அதைக் கற்பிப்பது எளிது. ஆனால் அதில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. ஓராண்டு ஆண் குழந்தைக்குரிய எடையில் 80 விழுக்காடு என்பது 7.7 கிலோ, இது திட்ட மதிப்பில் −2. ஐந்து வயதுச் சிறுவனுக்குரிய 18.3 கிலோவில் 80 விழுக்காடு 14.6 கிலோ, இதுவோ −2-ஐ எட்டவில்லை, ஏறத்தாழ −1.7. ஒரே எல்லைக் கோடு வயதுக்கு வயது வேறு பொருள் தந்தது. உயரத்துக்கு அதே 80 விழுக்காட்டைப் பொருத்தினால் விளைவு நகைப்புக்கு இடமாகும். ஓராண்டுக் குழந்தையின் நீளத்தில் 80 விழுக்காடு 60.6 சென்டிமீட்டர், மூன்று மாதமும் நிரம்பாத குழந்தையின் நீளம் அது. திட்ட மதிப்பில் கூறினால் −6-க்கும் கீழே. எடையில் 80 என்பது எச்சரிக்கை. உயரத்தில் 80 என்பது நடைமுறையில் காண இயலாத ஒன்று. உயரம் மனிதரிடையே மிகக் குறைவாகவே பரவி நிற்பதும், எடை அதைவிடப் பரந்து நிற்பதுமே இதற்குக் காரணம். விழுக்காடு பரவலைக் கணக்கில் கொள்வதில்லை. திட்ட மதிப்பு அதனையே அலகாகக் கொள்கிறது.

2006-இல் புதிய வளர்ச்சித் தர அளவுகள் வெளிவந்தபின், 2008 தொடங்கி நம் நாட்டின் அங்கன்வாடிகளில் அவை நடைமுறைக்கு வந்தன. வயதுக்கேற்ற உயரம் −2-க்குக் கீழே இருப்பின் வளர்ச்சிக் குன்றல். உயரத்துக்கேற்ற எடை −2-க்குக் கீழே இருப்பின் உடல் மெலிவு. வயதுக்கேற்ற எடை −2-க்குக் கீழே இருப்பின் எடைக் குறைவு. இம்மூன்றிலும் −3-க்குக் கீழே இருப்பின் நிலை கடுமையானது. கடும் மெலிவுற்ற குழந்தை இறக்கும் வாய்ப்பு பன்மடங்கு கூடுகிறது. அத்தகைய குழந்தைக்கு வேறு நோயும் சேர்ந்திருந்தாலோ, பசியே இல்லாதிருந்தாலோ, ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும். 80 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆண் குழந்தைக்கு −2 என்பது 8.9 கிலோ, −3 என்பது 8.2 கிலோ. இடைவெளி 700 கிராம். எடைக் கருவி அரைக் கிலோ தவறினால், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய குழந்தை வீட்டிலேயே இருந்துவிடக்கூடும்.

எவரோடு ஒப்பிடுவது?

திட்ட மதிப்பு ஒரு தொலைவு. எவ்விடத்திலிருந்து தொலைவு என்பதைச் சொல்லாவிட்டால் அதற்குப் பொருளில்லை. இந்த உண்மையை மறந்து புள்ளிவிவரங்களை ஒப்பிடுவோர் பலர்.

2005-06-இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வு இதற்கு நல்ல சான்று. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர் 38 விழுக்காடு, எடை குறைந்தோர் 46 விழுக்காடு என்று முதலில் வெளியிடப்பட்டது. இது அமெரிக்க தேசியச் சுகாதாரப் புள்ளிவிவர மையத்தின் பழைய ஒப்பீட்டு அளவுகளைக் கொண்டு கணித்தது. அதே குழந்தைகள், அதே அளவுகள். ஒப்பீட்டுக்கு 2006-ஆம் ஆண்டுத் தர அளவுகளைக் கொண்டபோது குன்றியோர் 45 விழுக்காடாக உயர்ந்தனர், எடை குறைந்தோர் 40 விழுக்காடாகத் தாழ்ந்தனர். எந்தக் குழந்தையும் வளரவுமில்லை, மெலியவுமில்லை. இருவேறு ஆண்டுகளின் அறிக்கைகளை எடுத்து வைத்து முன்னேற்றம் என்றோ பின்னடைவு என்றோ குறிப்பு எழுதும் அலுவலர், இரண்டும் ஒரே தர அளவைச் சார்ந்தவையா என்று முதலில் பார்த்துவிடுவது நன்று.

புதிய தர அளவுகள் எவ்வாறு அமைந்தன என்பதும் அறியத்தக்கது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகள் அளக்கப்பட்டனர். இந்தியக் குழந்தைகள் தெற்கு டில்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பால் ஊட்டப் பெற்றவர்களும், தாய் புகைபிடிக்காதவர்களும், வறுமை வளர்ச்சியைத் தடுக்காத வீட்டினருமே தெரிவு செய்யப்பட்டனர். குழந்தைகள் எவ்வாறு வளர்கின்றனர் என்பதன்றி, எவ்வாறு வளர இயலும் என்பதைக் காட்டும் அளவு இது. ஆறு நாடுகளிலும் குழந்தைகளின் நீளம் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது.

ஆயினும் இத்தர அளவு இந்தியருக்குப் பொருந்துமா என்ற வினா ஓயவில்லை. பொருளியலறிஞர் அரவிந்த் பனகாரியா 2013-இல் இதனை வன்மையாக எழுப்பினார். பிற நலக் குறியீடுகளில் இந்தியாவைவிடப் பின்தங்கிய ஆப்பிரிக்க நாடுகளில் குன்றிய குழந்தைகள் நம்மைவிடக் குறைவாக இருப்பது எவ்வாறு, மரபணு வேறுபாட்டைப் புறக்கணிக்கலாமா என்பது அவர் வாதம். இந்தியக் குழந்தைகளின் உயரம் தலைமுறைக்குத் தலைமுறை கூடி வருவதையும், தாயின் உடல்நிலை, சுகாதார வசதியின்மை ஆகியவற்றையும் சுட்டி அதை மறுத்தவர்கள் பலர். விவாதம் பயனுள்ளதே. எனினும் தெற்கு டில்லிக் குழந்தைகள் மற்ற ஐந்து நாட்டினரோடு இணைந்து வளர்ந்ததை எளிதில் தள்ளிவிட இயலாது. கோட்டைத் தாழ்த்திவிட்டால் குறைந்தோர் எண்ணிக்கை குறையுமேயன்றி, குழந்தையின் உயரம் ஒரு மில்லிமீட்டரும் கூடாது.

கோட்டுக்கு மேலே இருப்பவர்களும் கவனத்துக்கு உரியவர்களே. 2019-21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வின்படி ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் 35.5 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியோர். 2015-16-இல் இது 38.4 விழுக்காடு. உடல் மெலிந்தோர் 21.0 விழுக்காட்டிலிருந்து 19.3 ஆகக் குறைந்தனர். கடும் மெலிவுற்றோர் மட்டும் 7.5-இலிருந்து 7.7 ஆயினர். மூன்றில் ஒரு குழந்தை குன்றியது என்றவுடன், எஞ்சிய இருவர் நலமாக உள்ளனர் என்று கருதத் தோன்றும். கணக்கு வேறு கூறுகிறது. பரவலின் அகலம் மாறாமல் 35.5 விழுக்காட்டினர் −2-க்குக் கீழே விழ வேண்டுமாயின், குழு முழுவதன் சராசரியே −1.6 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அதாவது மொத்தக் குழந்தைகளும் இடப்புறம் நகர்ந்துள்ளனர்; −1.9-இல் நிற்கும் குழந்தை எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமலே தன் உயரத்தை இழந்து நிற்கிறது. குன்றியோரை மட்டும் தேடிப் பிடித்து உணவளிக்கும் திட்டத்துக்கும், கருவுற்ற தாய்மார் அனைவரையும் சென்றடையும் திட்டத்துக்கும் இடையே தெரிவு செய்யும்போது, விழுக்காட்டைவிடச் சராசரித் திட்ட மதிப்பே தெளிவாக வழிகாட்டும். ஆய்வறிக்கைகளின் அட்டவணைகளில் அந்த எண்ணும் ஒரு பத்தியில் அச்சிடப்படுகிறது. அதைப் படிப்போர் குறைவு.

மேற்படிக் கணக்கில் பரவலின் அகலம் மாறாது என்று கொண்டோம். களத்தில் அது விரிகிறது. வயதைத் தவறாகக் குறித்தலும் அளவையில் பிழையும் இதற்குக் காரணங்கள். பதினான்கு மாத ஆண் குழந்தையின் நீளம் 73.1 சென்டிமீட்டர் என்றால் அவன் −2-இல் நிற்கிறான். பிறந்த நாள் சரியாகத் தெரியாமல் பன்னிரண்டு மாதம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டால், அவனே −1.1 ஆகிவிடுவான். இரண்டு மாதப் பிழை ஏறத்தாழ ஒரு திட்ட விலக்கத்தை விழுங்கிவிடுகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து அளக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவரை நிற்க வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு 0.7 சென்டிமீட்டர். இது சிறியதெனத் தோன்றினும், ஓராண்டுக் குழந்தைக்குக் கால் திட்ட விலக்கத்துக்கும் மேலானது. ஆய்வுகளில் உயரத்தின் திட்ட மதிப்பு −6-க்குக் கீழோ +6-க்கு மேலோ வந்தால், அது குழந்தையின் குறையன்று, பதிவின் குறை என்று கொண்டு அப்பதிவை நீக்கிவிடுவர். ஒரு மாவட்டத்தின் திட்ட மதிப்புகள் அளவுக்கு மீறிப் பரவி நின்றால், அங்கு முதலில் சோதிக்க வேண்டியது அளக்கும் பலகையையே.

மழையும் மாவட்டமும்

இதே கருத்து வானிலையிலும் பயன்படுகிறது. இந்திய வானிலைத் துறை ஒரு பகுதியின் மழை இயல்பான அளவிலிருந்து 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் 'பற்றாக்குறை' என வகைப்படுத்துகிறது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மழை பெரிதும் மாறும் மேற்கு இராஜஸ்தானில் 20 விழுக்காட்டுக் குறைவு அடிக்கடி நிகழ்வது. மழை ஓரளவு நிலைத்துப் பெய்யும் கடலோரக் கர்நாடகத்தில் அது அரிது. ஓரிடத்தில் திட்ட விலக்கம் சராசரியில் 40 விழுக்காடு, மற்றோரிடத்தில் 15 விழுக்காடு என்று கொண்டால், அதே 20 விழுக்காட்டுக் குறைவு முன்னதில் −0.5, பின்னதில் −1.3. நாடு முழுவதையும் ஒன்றாகக் கொண்டால் தென்மேற்குப் பருவ மழையின் சராசரி 87 சென்டிமீட்டர். திட்ட விலக்கம் அதில் ஏறத்தாழ 10 விழுக்காடு. 2009-இல் மழை 22 விழுக்காடு குறைந்தது. வெறும் 22 என்று கேட்டால் பெரிதாகத் தோன்றாத அந்த எண், −2-க்கும் கீழே இறங்கியது.

மழை அளவு சமச்சீராகப் பரவுவதில்லை. வறண்ட பகுதிகளில் பல மாதங்கள் சுழியமே. ஆகவே முதலில் பொருத்தமான பரவலுக்கு இசைத்து, பின்னர் இயல்நிலைக்கு மாற்றும் முறையை அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கீயும் அவர் குழுவினரும் 1993-இல் வகுத்தனர். தரப்படுத்திய மழைக் குறியீடு என்பது அதன் பெயர். −1-க்குக் கீழே மிதமான வறட்சி, −1.5-க்குக் கீழே கடும் வறட்சி, −2-க்குக் கீழே மிகக் கடும் வறட்சி. மத்திய வேளாண் அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேட்டில் மழை விலக்கத்தோடு இக்குறியீடும் இடம்பெற்றது.

மாவட்டங்களைப் பின்தங்கியவை, முன்னேறியவை எனப் பிரிக்கும் பணியிலும் திட்ட மதிப்பைப் பயன்படுத்துவது உண்டு. எழுத்தறிவு, சாலை நீளம், பாசனப் பரப்பு, மருத்துவமனைப் படுக்கைகள் என அலகு வேறுபட்ட அளவுகளைக் கூட்ட இதுவே வழி. இங்குத்தான் மிகுந்த விழிப்பு தேவை. குழந்தையின் திட்ட மதிப்பு புறத்தே நிலையாக நிறுத்திய ஓர் அளவிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே எல்லாக் குழந்தைகளும் நன்கு வளர்ந்தால் எல்லா மதிப்புகளும் உயரும். மாவட்டங்களுக்கோ சராசரியும் திட்ட விலக்கமும் அதே மாவட்டங்களிலிருந்தே பெறப்படுகின்றன. அவ்வாறு பெற்ற திட்ட மதிப்புகளின் கூட்டுத்தொகை எப்போதும் சுழியமே. எல்லா மாவட்டங்களிலும் எழுத்தறிவு 20 புள்ளி உயர்ந்தாலும் ஒவ்வொன்றின் மதிப்பும் முன்போலவே நிற்கும். சராசரிக்குக் கீழே நிற்பவை கீழேயே நிற்கும். ஓர் ஆண்டில் நிதியைப் பகிர்ந்தளிக்க இது போதும். பத்தாண்டில் என்ன சாதிக்கப்பட்டது என்று அறிய இது உதவாது. அதற்கு முதலாண்டின் சராசரியையும் விலக்கத்தையும் நிலையாகக் கொண்டு பின்னைய ஆண்டுகளை அளக்க வேண்டும்.

கூட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எழுத்தறிவும் பள்ளிச் சேர்க்கையும் ஒன்றோடொன்று ஒட்டியே செல்பவை. இரண்டின் திட்ட மதிப்பையும் கூட்டினால், கல்வியை இருமுறை எண்ணியதாகும். பாசனம் ஒருமுறைதான் எண்ணப்படும். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சட்டகத்தை அமைத்த பேராசிரியர் மஹலநோபிஸ், திட்டக் குழுவுக்கு வருமுன்பே, மனிதக் குழுக்களின் உடலளவுகளை ஒப்பிட்ட தம் ஆராய்ச்சிகளில் இதை எதிர்கொண்டார். பல அளவுகளைத் திட்ட விலக்கத்தால் வகுப்பதோடு நில்லாமல், அவை தமக்குள் எவ்வளவு ஒட்டியுள்ளன என்பதையும் கழித்துத் தொலைவைக் காணும் முறையை 1936-இல் அவர் வெளியிட்டார். உலகெங்கும் புள்ளியியல் நூல்களில் மஹலநோபிஸ் தொலைவு என்று இடம்பெறுவது அதுவே. ஒரே ஓர் அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் அத்தொலைவு சாதாரணத் திட்ட மதிப்பாகவே சுருங்கிவிடுகிறது, கூட்டல் கழித்தல் குறி ஒன்றைத் தவிர.